ஐந்து ரோடு படத்தில் என் இரண்டு நிமிடம்

அளந்தெல்லாம் பார்க்க வேண்டாம். நானே அளந்து வைத்திருக்கிறேன். நீளம் முப்பத்தெட்டு அடி, அகலம் இருபத்திரண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு டியூஷன் என்று போனில் சொன்னீர்கள். நாற்பது உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். முப்பத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவரைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதுதான். டிஸ்டெம்பர் உரிந்த இடம் நாற்பத்து மூன்று. ஈரம் இல்லை, பயப்படாதீர்கள். சினிமாக்காரர் ஒட்டிய சீட்டுகள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரன் உங்களிடம் ஏதாவது சொன்னானா? சொல்லியிருப்பான். "மேல இருக்கற பெரியவர் ஒரு பையன் பொழப்பையே முடிச்சுட்டார்" என்று இதுவரை ஹால் பார்க்க வந்த நான்கு பேரிடமும் சொல்லியிருக்கிறான். நீங்கள் ஐந்தாவது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீசில் இருந்தவன். முப்பத்தோரு வருஷம் நான்கு மாதம். எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. ஆனால் யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. பேச்சு எனக்கு வராது. கூச்சம். என் கல்யாண ஆல்பத்தில் பதினாறு போட்டோ இருக்கிறது. எட்டில் குனிந்திருக்கிறேன், மூன்றில் மனைவியின் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். அப்படிப்பட்டவன் கேமராவுக்கு ஆசைப்பட்டேன் என்கிறான் அந்த ஜெராக்ஸ்காரன்.

ஐந்து ரோடு என்ற பையன்களை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் டியூஷன் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள், ஐந்து பேரின் பிறந்த நாளையும் சொல்வார்கள். பாய் பேண்ட் என்று பேப்பரில் எழுதினார்கள். பேண்டு வாசிக்கிறவர்கள் என்று நினைத்துத்தான் ஹாலை விட்டேன். வந்து பார்த்தால் ஒருவன் கையிலும் ஒரு வாத்தியம் இல்லை. பாட்டு, ஆட்டம், அவ்வளவுதான். நம் சேலத்து ஐந்து ரோட்டின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஒரே வருஷத்தில் ஊரெல்லாம் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும் பெண் பிள்ளைகள், குறைந்தது அறுபது. அதிகபட்சம் இருநூற்றுப் பன்னிரண்டு.

நான் அந்த வாசல் கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு நோட்டு. யாரும் எழுதச் சொல்லவில்லை. பழக்கம். கிரி 10.05, யுகேந்திரன் 9.50, இப்படி. பையன்கள் சிரிப்பார்கள். "தாத்தா, பாத்ரூம் போறேன், எழுதிக்கோங்க" என்பான் கிரி. அவன்தான் அவர்களில் முன்னால் நின்று பாடுகிறவன். அப்பாவுக்கு கார் ஷோரூம். பாத்ரூம் போனதையும் நான் எழுதுவேன்.

யுகேந்திரன்தான் ஆட்டக்காரன். ஒற்றைக் காலில் நின்று சுற்றுவானே, ராட்டினம் என்று பெயர் வைத்து சின்னப் பிள்ளைகள் வரைக்கும் ஆடினார்கள், அது அவனுடையது. நல்ல பையன். நேரம் தவற மாட்டான். வியாழக்கிழமையைத் தவிர.

வியாழன் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவான். இருபத்தாறு வியாழனில் இருபத்து மூன்று. கேட்டால், "பாபா கோயிலுக்குப் போறேன் தாத்தா" என்பான். நானும் ஒரு வியாழன் பாபா கோயிலுக்குப் போனேன். ஆரத்தி முடிகிற வரைக்கும் நின்றேன். அவன் இல்லை.

மில்லில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லீவுக்குச் சொன்ன காரணம் சந்தேகமாக இருந்தால், டைம் ஆபீசிலிருந்து ஆள் போய்ப் பார்த்து வர வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். ஒருவன் தன் தாயாரை நான்கு முறை சாகடித்து லீவு வாங்கினான். ஐந்தாவது முறை நான் அவன் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள்தான் எனக்கு மோர் கொடுத்தார்கள். அதனால் யுகேந்திரன் போன பஸ்ஸில் நானும் ஏறினேன். மூன்று வியாழன், மூன்று முறையும் 3.20 பஸ், இறங்கிய இடம் ஓமலூர்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. அதன் பின்கட்டில் ஒரு அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு விரலைச் சொடுக்கித் தாளம் போட, இவன் சுற்றுகிறான். போதாது என்று கையை ஆட்டுகிறாள். மறுபடியும் சுற்றுகிறான். பதினேழு முறை. நான் ஒரு டெம்போவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பிறகு அவன் அவளுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான்.

டீக்கடையில் விசாரித்தேன். "அது மின்னல் ரேகாங்க," என்றார் கடைக்காரர். "ஒரு காலத்துல இந்தப் பக்கம் கோயில் நோம்பின்னா அந்தம்மா ஆட்டம் இல்லாம கெடையாதுங்க. ஆடலும் பாடலும் நோட்டீஸ்ல மொத படமே அவங்க படந்தான். இப்ப முட்டி போயிருச்சு, பூக் கட்டிக் குடுக்கறாங்க. ஒரே பையன். வாராவாரம் தப்பாம வர்றான்."

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யுகேந்திரனுக்குத் தாயார் இல்லை. அதாவது, அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது காய்ச்சலில் இறந்துவிட்டதாக எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறான். நான் பார்த்தவரை ஏழு பேட்டி. கீழே நிற்கும் பெண் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். ஒரு பெண் அவனுடைய அம்மாவுக்குத் திதி கொடுக்கிறேன் என்று வாழைக்காயோடு வந்து நின்றது.

உயிரோடு இருக்கிற ஆளை இல்லை என்று எழுதுவது என் கணக்கில் பெரிய தப்பு. இருந்தாலும் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை ஜெராக்ஸ்காரன் சொல்ல மாட்டான்.

அப்புறம்தான் சினிமாக்காரர் வந்தார். நிரஞ்சன் என்று பெயர், சென்னைக்காரர். ஐந்து பேரையும் வைத்து ஒரு ஆவணப்படம் எடுக்கத் திட்டம். மேஜை நாற்காலி ஒன்றும் வேண்டாமென்று தரையில் உட்கார்ந்து, கலர் கலராகச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தார். சுவர் கெட்டுவிடும் என்று சொல்ல நினைத்தேன். மூன்று நாள் நினைத்தேன்.

"படம்னா அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒரு வலி வேணும்ப்பா," என்றார் பையன்களிடம். "சும்மா பாட்டும் டான்சும் யூட்யூப்லயே இருக்கு. கிரி, உனக்கு என்ன வலி?"

"எங்கப்பா கார் ஷோரூம் வெச்சிருக்காருங்கண்ணா. எனக்கென்ன வலி? ஏசி கொஞ்சம் ஓவரா இருக்கும், அவ்ளோதான்."

இன்னொருவன், "எங்க நாய் செத்துப்போச்சுங்கண்ணா" என்றான்.

"எப்படி?"

"வயசாயிருச்சுங்கண்ணா."

அவர் நாய் என்று எழுதி ஒட்டினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கிழித்துவிட்டார். முதலில் டிஸ்டெம்பர் உரிந்தது அந்த இடத்தில்தான்.

கடைசியில் சுவர் நடுவில் ஒரே ஒரு மஞ்சள் சீட்டு நின்றது. "யுகியின் அம்மா." அதைச் சுற்றித்தான் படமே என்று முடிவாயிற்று.

"மாலை போட்ட போட்டோ ஒண்ணு வேணும் யுகி."

"போட்டோ இல்லைங்கண்ணா. கரையான் அரிச்சிருச்சு."

போன மாதப் பேட்டியில் மழையில் நனைந்து போனது என்று சொல்லியிருந்தான். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் பையன்கள் போன பிறகு நிரஞ்சன் என் நோட்டை எடுத்துப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அங்கிள், இது பொக்கிஷம்," என்றார். "ஒண்ணே கால் வருஷம், ஒரு நாள் விடாம! நீங்க படத்துல வர்றீங்க. ரெண்டு நிமிஷம். உங்களுக்குன்னு தனியா."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. வேண்டாம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்தேன், அது வேறு காரணம், பழைய சட்டைகளில் காலர் நைந்துவிட்டது. வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் எவ்வளவு என்றும் பார்த்தேன். உங்களுக்குத் தெரியுமா, இரண்டு நிமிடம் ரொம்ப நீளம். என் பெயர், மில், முப்பத்தோரு வருஷம், ஹால், பையன்கள் வரும் நேரம், எல்லாம் சொல்லி முடித்தால் நாற்பது வினாடிதான் ஆகிறது.

மறுநாள் அவரிடம் அதைச் சொன்னேன். சிரித்தார். "அங்கிள், வந்தாங்க போனாங்கன்னா நாப்பது செகண்டே ஜாஸ்தி. இந்தப் பசங்களப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கணும். இல்லேன்னா எடிட்டிங்ல போயிரும்."

அப்போதுதான் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்காக இல்லை. கேட்டார், சொன்னேன். கேட்டால் சொல்வதற்குத்தானே எழுதி வைக்கிறோம்?

அவர் எழுந்து நின்றுவிட்டார். மஞ்சள் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கிள், யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றார். அன்று ராத்திரிக்குள் மின்னல் ரேகா ஆடிய வீடியோ ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்துவிட்டார். கெட்டிக்காரர்தான்.

புதன்கிழமை, மாலை நான்கு பத்து. ஐந்து பேரும் வந்திருந்தார்கள். கேமராவை ஓடவிட்டு, "சும்மா டெஸ்ட்டுப்பா, நடிக்காதீங்க" என்று சொல்லி, அந்தச் சுவரோரம் டிவியில் வீடியோவைப் போட்டார். யார் என்று சொல்லவில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முந்தைய படம். ஏதோ ஒரு ஊர் மாரியம்மன் பண்டிகை மேடை. பச்சைக் குழல் விளக்கு. அந்த அம்மாள் ஜிகினாப் பாவாடையில் ஆடுகிறாள். கீழே ஒரே விசில். ஒருவன் மேடையில் ஏறி அவள் தாவணியைப் பிடிக்கிறான், அவள் சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று சுற்றுகிறாள். ராட்டினம். அதே ராட்டினம்.

"டேய் யுகி! உன் ஸ்டெப்ப ஆன்ட்டி சுட்டுட்டாங்கடா!" என்றான் கிரி.

"ஆன்ட்டி இல்லடா, ஆட்டோ. பின்னாடி எவ்ளோ ஆடுது பாரு."

"பாவாடை கட்டுன கிரைண்டர்டா அது."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிரஞ்சன் யுகேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தார், கேமராவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. யுகேந்திரன் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, அந்த அம்மாள் மாதிரியே உதட்டைச் சுழித்து, தாவணியை விடுவிக்கிற மாதிரி செய்து ஒரு சுற்று சுற்றினான். கிரி தரையில் உருண்டு சிரித்தான். யுகேந்திரனும் சிரித்தான். மொத்தம் ஒன்பது வினாடி.

"யுகி, இவங்க யாருன்னு தெரியுமா?" என்று நிரஞ்சன் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்கண்ணா."

நிரஞ்சன் கதவுப் பக்கம் திரும்பி எனக்குத் தலையாட்டினார். என் இரண்டு நிமிடம் அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

நோட்டைத் திறந்து வாசித்தேன். என் வாழ்க்கையில் ஐந்து பேருக்கு முன்னால் சத்தமாக நான் பேசியது அன்றுதான். முதல் வியாழன் தேதி, ஏறிய பஸ், இறங்கிய நேரம். இரண்டாவது வியாழன். மூன்றாவது வியாழன். பதினேழு சுற்று. தைலம். டீக்கடைக்காரர் சொன்னது, அவருடைய வார்த்தையிலேயே. ஒரு தேதி தப்பவில்லை. கடைசியில், "ஆகையால் தாயார் இறந்ததாகச் சொன்னது சரியல்ல" என்று முடித்தேன்.

கிரிதான் முதலில் வாயைத் திறந்தான். "டேய், அப்போ அது ஆன்ட்டி இல்ல. அம்மா."

ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தான். அதைக் கேட்டு மற்ற மூவரும் சிரித்தார்கள். யுகேந்திரன் இந்த முறை சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் என்னிடம் வந்தான். "முடிஞ்சுதா தாத்தா?" என்றான். முடிந்தது என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். 4.31.

அதற்குப் பிறகு வரவில்லை. ஒன்பதாவது நாள் தர்மபுரியிலிருந்து வேறு ஒரு பையனைச் சேர்த்து ஐந்தைச் சரிக்கட்டிவிட்டார்கள். பிறகு எல்லோரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். நிரஞ்சன் நான் வாசித்ததை முன்னோட்டம் என்று வெளியே விட்டார். பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்களாம். நானும் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம் ஆறு வினாடி. ஆனால் கதவுக்குப் பின்னாலேயே நின்று வாசித்ததால் என் முகம் விழவில்லை. கதவும், என் குரலும், யுகேந்திரன் முகமும். பெயரும் போடவில்லை. போன் செய்தேன். பதினொரு முறை செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு வருத்தம் அதுதான். வேறு யாராவது வாசித்தார்கள் என்றுகூட ஊரில் நினைக்கலாம் அல்லவா?

முகத்தில் காறித் துப்பாத குறையாக என்னைப் பேசினார்களே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் பிள்ளைகள் அந்த அம்மாளைப் பற்றி வீடியோவுக்குக் கீழே எழுதியதை என் பேத்தி படித்துக் காட்டினாள். நான்கைந்துக்கு மேல் போதும் என்றுவிட்டேன். அவ்வளவு எழுத்துப் பிழை.

அந்தப் புதன்கிழமை போய் இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் இங்கே வந்தார். காலை பத்தே கால். முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். மேக்கப் இல்லாமல் அடையாளமே தெரியவில்லை, பூக் கட்டிய நார் விரலில் பச்சையாக ஒட்டியிருந்தது.

"ஐயா, யுகேந்திரன் இங்க வந்தானுங்களா?"

"புதன்கிழமைக்குப் பிறகு வரவில்லை."

"அங்கயும் வரலைங்க. ரெண்டு வியாழக்கிழமை ஆச்சு. போனும் அணைச்சு வெச்சிருக்கான்." கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "செத்துட்டேன்னு சொல்லச் சொன்னது நாந்தானுங்க. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். எம்மேல சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்படியானால் தப்பு உங்கள் பேரில்தான் வருகிறது," என்றேன். யார் பேரில் என்று தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லதுதானே.

"ஆமாங்க," என்றார். "அந்த வீடியோவுல நீங்க வாசிக்கறதுலருந்துதானுங்க வருது. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அவன் மூஞ்சி ஏன் அப்படி இருக்குது? அவனை அடிச்சாங்களா?"

யாரும் அடிக்கவில்லை என்றேன். பிறகு முதலிலிருந்து சொன்னேன். மாரியம்மன் பண்டிகை, பச்சை விளக்கு, தாவணி. கிரி சொன்னது, மற்றவர்கள் சொன்னது. ஆட்டோ, கிரைண்டர், ஒன்றையும் மாற்றவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அதெல்லாம் அவருக்குப் புதிது இல்லை போலிருக்கிறது.

"எம் பையன் என்ன பண்ணுனான்? எந்திரிச்சுப் போயிட்டானா?"

இங்கேதான் ஜெராக்ஸ்காரன் என்னைப் பிடித்துக்கொள்கிறான். மற்றதெல்லாம் சரி, இதை விட்டிருக்கக் கூடாதா என்கிறான். எதை விடுவது? நடந்ததில் ஒன்பது வினாடியை எடுத்துவிட்டு மீதியைச் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? கேட்டவர் பெற்ற தாய். அவருக்குப் பொய் சொல்வதா?

"இல்லை. அவனும் சிரித்தான். எழுந்து நின்று உங்களைப் போல ஆடிக் காட்டினான். அவர்களைச் சிரிக்க வைக்க," என்றேன்.

அவர் விரலில் இருந்த நாரை உரித்தார். ஒவ்வொரு விரலாக உரித்தார்.

"நல்லா ஆடுனானுங்களா?"

இதையும் உள்ளது உள்ளபடியே சொன்னேன். "அச்சு அசல் நீங்களேதான். ஒரு பிசகு இல்லை. அதனால்தான் அவ்வளவு சிரித்தார்கள்."

அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். மொத்தம் பத்தொன்பது படி. பதினொன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மேலேயே நின்று பார்த்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. இறங்கிப் போய் என்ன சொல்வது? எனக்குத்தான் பேச்சு வராதே. அதனால் இங்கிருந்தே, "சுவரில் சாயாதீர்கள் அம்மா, சுண்ணாம்பு ஒட்டும்" என்று மட்டும் சொன்னேன்.